சீட்டில் விழுந்த கிழமை

ஞாயிறு காலை, தூத்துக்குடியிலிருந்து புன்னைக்காயல் போகும் பஸ். முன் சீட்டில் கயிற்றுச் சுருளை மடியில் வைத்திருந்த மீனவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"எங்க கரையில வருசம் பூரா மீனே படலன்னு மெட்ராஸ்ல எழுதி வச்சிருக்காங்களாம் சார்."

பக்கத்திலிருந்தவர் மீன் கணக்கெடுக்கும் குமாஸ்தா. கொட்டாவியை அடக்கிக்கொண்டார்.

"எழுதினது நாந்தான் அண்ணாச்சி. தெனமும் எண்ண ஆள் கெடையாது. ஏழு நாளைக்கு ஒரு நாள் எண்ணுனாப் போதும்னு திட்டம். மொத நாள மட்டும் சீட்டுக் குலுக்கி எடுத்தாங்க. ஞாயித்துக்கிழமை விழுந்துச்சு."

"பெறவு எல்லாமே ஞாயித்துக்கிழமையா?"

"ஏழு ஏழாக் கூட்டுனா வேற என்ன வரும்?"

"அன்னைக்கு நாங்க மாதா கோயில் பூசைக்குல்லா போவோம். வள்ளம் பூரா கரையில கெடக்கும்."

"தெரியும். நானும் வேதக்காரன்தான். நாள மாத்தச் சொல்லி மூணு தடவ எழுதிப் போட்டேன். மாத்துனா நம்ம இஷ்டத்துக்குப் பொறுக்குனதா ஆயிரும், கூடாதுன்னுட்டாங்க. அதான் வாராவாரம் வாரேன்."

"ஐஸ் பாக்டரி கேட்டோம் சார். மீன் படாத ஊருக்கு ஐஸ் எதுக்குன்னு மனுவத் திருப்பி அனுப்பிட்டாங்க."

குமாஸ்தா ஜன்னலுக்கு வெளியே உப்பளத்தைப் பார்த்தார். யாரிடமும் கோபம் இல்லை. அதற்கான தெம்பு இருவருக்குமே தீர்ந்திருந்தது.

"நான் பொய் எழுதலியே அண்ணாச்சி. கண்ணால பாத்ததத்தான் எழுதுதேன்."

"பொய் எழுதியிருக்கலாம் சார்," என்றார் மீனவர். "ஐஸாவது கெடச்சிருக்கும்."