செவ்வாய் மூன்று மணியை ஒப்படைத்துவிட்டுப் போகும் அக்காவுக்கு

தோளைத் தொட்டதும் தொழிலைச் சொல்பவரே! கழுத்தைப் பிடித்ததும் கவலையைக் கண்டுபிடித்து, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் வேலையைப் பார்ப்பவரே! இருபத்தேழு ஆண்டுகள் நின்ற காலில் நின்று, நிமிர முடியாமல் வந்தவர்களை நிமிர்த்தி அனுப்பியவரே! எங்கள் இஸ்திரி அக்காவே, வணக்கம்!

இந்த மடலை இதற்கு முன் இரண்டு முறை எழுதிவிட்டோம். போன வருடம் ஒன்று, இந்த வருடத் தொடக்கத்தில் ஒன்று. இரண்டு முறையும் நாள் குறித்த பிறகு நீங்கள், "இன்னும் ஆறு மாசம் இருந்துட்டுப் போறேனே" என்று சொல்லிவிட்டீர்கள். அந்த இரண்டு மடல்களிலும் நீங்கள் தாயாகவும் தெய்வமாகவும் அணையா விளக்காகவும் இருந்தீர்கள். நல்லவேளை, யாரும் வாசிக்கவில்லை. இதில் நீங்கள் நீங்களாகவே இருக்கிறீர்கள். ஆனால் முகத்துக்கு நேரே புகழ்ந்தால் பாதியில் எழுந்து துண்டு மடிக்கப் போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் கொஞ்ச நேரத்துக்கு உங்களை 'அக்கா' என்று, வேறு யாரையோ சொல்வதுபோலச் சொல்லப்போகிறோம். யாரோ ஒருத்தியின் கதை என்று நினைத்து உட்கார்ந்திருங்கள்.

அக்காவின் முதல் வேலை சலவைக்கடையில் இஸ்திரி போடுவது. பதினோரு வருடம் நீராவிக்கு நடுவில் நின்றார். வந்து குவிந்ததெல்லாம் ஆள் இல்லாத உடம்புகள். ஒரு சட்டைக்கு இடது தோள் மட்டும் நைந்திருக்கும். இன்னொன்றுக்குக் காலரின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். கழுத்தை ஒரு பக்கமாகவே சாய்த்து வேலை பார்க்கிறவர். ஒரு கோட்டின் முழங்கை பளபளவென்று மின்னும். ஆள் வராமலே ஆளின் வலி கடைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது. அக்கா அதைத் தேய்த்து, மடித்து, திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் இடது தோள் நைந்த சட்டையின் சொந்தக்காரரே நேரில் வந்தார். தபால்காரர். இருபது வருடமாகப் பையை ஒரே தோளில் மாட்டுகிறவர். "உங்களுக்கு இந்த இடத்துல வலிக்குமே?" என்று கேட்ட அக்கா, பதில் வருவதற்குள் மேசைக்கு மேலாகக் கையை நீட்டி, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டார். தபால்காரர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். கடையே திரும்பிப் பார்த்தது. பிறகு அவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இன்னொரு தடவை அழுத்துங்கம்மா" என்றார்.

அந்தக் கெட்ட வார்த்தைதான் தனக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் என்று அக்கா சொல்வார். ஆறு மாதத்தில் கடை முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "இது சலவைக்கடையா, ஆஸ்பத்திரியா? சட்டையை வீட்ல வச்சுட்டு தோளைத் தூக்கிட்டு வர்றாங்க ஒவ்வொருத்தரும்" என்று கத்தினார். முப்பத்து நான்காம் வயதில், தன்னைவிடச் சின்னவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து எலும்பின் பெயரும் தசையின் பெயரும் மனப்பாடம் செய்து தேறி, செருப்புக்கடைக்கு மேலே, மாடியில் இருக்கும் இந்த மசாஜ் நிலையத்துக்கு ஏறி வந்தார் அக்கா. நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேலையை ஏன் விட்டாய் என்று வீட்டில் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: "துணி சொன்ன பேச்சைக் கேக்கும். ஆனா ஒரு பெருமூச்சு விடுமா?"

நாங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியாக இந்தப் படியில் ஏறி வந்தவர்கள். ஒருவர் பேக்கரியில் மாவு பிசைந்தவர்; இங்கே அவர் பெயரே 'பேக்கரி'. ஒருவர் ஓட்டப்பந்தயத்தில் முட்டி போனவர். தன் முட்டியைச் சரிசெய்தவரின் கையைப் பார்த்து இந்த வேலைக்கு ஆசைப்பட்டவர். ஒருவர் இரவு ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்து, ஒருநாள் போகாமல் நின்றுவிட்டவர். ஏன் வந்தாய் என்று அக்கா யாரையும் கேட்டதில்லை. கையை நீட்டச் சொல்வார். நகத்தைப் பார்த்து, "இதை வெட்டணும்" என்பார். அவ்வளவுதான், சேர்ந்தாயிற்று.

அக்காவின் பொறுமையைப் பற்றி எழுதுவதற்கு இல்லை, ஏனென்றால் அவருக்குப் பொறுமை கிடையாது. ஈரக் கையோடு அறைக்குள் போனால் திட்டுவார். படுத்திருப்பவரிடம் நாமாகப் பேச்சுக் கொடுத்தால் வெளியே வந்ததும் திட்டுவார். கட்டைவிரலால் அழுத்தினால் ரொம்பத் திட்டுவார். "விரலுக்கு என்ன நூறு வருஷமா ஆயுசு? காலை ஊனி, உடம்போட பாரத்தை முழங்கைக்கு இறக்கு. விரல் உனக்குக் கடைசி வரைக்கும் வேணும்." எங்களிடம் இப்படிச் சொன்னவர், ஒரே ஒருவருக்காக மட்டும் இதைப் பத்தொன்பது வருடம் மீறினார்.

அந்த ஒருவர் தையல் அம்மா. முன்வரிசையில், யாரையும் பிடிக்காததுபோல உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். எழுபத்தெட்டு வயதிலும் தனியாகத் தையல்கடை நடத்துகிறவர். குனிந்து குனிந்து கழுத்து இறுகிப்போனவர். கணவர், பிள்ளை, உடன்பிறந்தவர் என்று யாரும் கிடையாது. அக்காவிடம் வருவதற்கு முன் இங்கே நான்கு பேரின் கையை விரட்டியடித்தவர். "இது கையா, ஈரத்துணியா?" என்று ஒருவரைக் கேட்டார். அவர் இப்போது வேறு தொழிலில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை மூன்று மணி என்றால் தையல் அம்மா, தையல் அம்மா என்றால் அக்கா. முழங்கையை வைத்தால், "ஆளு அமுக்குற மாதிரி இல்ல, கட்டை உருளுற மாதிரி இருக்கு. விரலை வை" என்பார். அக்காவும் விரலை வைப்பார்.

ஒருமுறை அக்கா காய்ச்சலில் இரண்டு வாரம் வரவில்லை. தையல் அம்மாவும் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தபோது கழுத்து எந்தப் பக்கமும் திரும்பவில்லை. மிஷினை மூடி வைத்துவிட்டதாகச் சொன்னார். "வேற யாருகிட்டயாவது காட்டியிருக்கலாமே அம்மா" என்ற அக்காவிடம், "வாரத்துக்கு ஒரு ஆளுதான் என் மேல கை வைக்குது. அதுவும் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே. அதையும் மாத்தச் சொல்றியா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். அக்கா அன்று சாப்பிடவில்லை.

இதற்கிடையில் அக்காவின் வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடி டம்ளரை விட்டுவிட்டு பிளாஸ்டிக் டம்ளருக்கு மாறினார். எண்ணெய் பாட்டிலின் மூடியை முந்தின நாளே தளர்த்தி வைத்தார். நாங்கள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தோம். "இன்னும் ஒரு வருஷம் இதே மாதிரி போனா, இந்தக் கையால சாவி கூடத் திருப்ப முடியாது" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இரண்டு முறை ஓய்வைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம் இந்த வேலை மேல் இருந்த ஆசை அல்ல. செவ்வாய் மூன்று மணியை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. போனால் அந்தக் கழுத்து போய்விடும். போகாவிட்டால் தன் கை போய்விடும். அக்கா ஒவ்வொரு வாரமும் கையைத் தேர்ந்தெடுக்காமல் கழுத்தையே தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

யோசனை சொன்னது பேக்கரி. நாற்பத்து மூன்று வயது, அக்காவின் கை அளவேதான் அவர் கையும். "கவுந்து படுத்திருக்கறப்ப நடுவுல நான் மாறிக்கிறேன் அக்கா. பழகினதுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்." சம்மதம் கேட்காமல் ஆளை மாற்றுவது தப்பு. இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய தப்பு அதிகம் இல்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போகும் மடலில் இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்: அக்கா தெரிந்தே அந்தத் தப்பைச் செய்தார், நாங்கள் எல்லோரும் துணை போனோம்.

ஒரு மாதம் ஒத்திகை நடந்தது. படுத்துக்கொடுத்தது நாங்கள். பேக்கரிக்குக் கை எப்போதும் சூடு; குழாய்த் தண்ணீரில் ஆறவைத்துப் பழகினார். அதே எண்ணெய், அதே வரிசை, இடது பக்கம் முதலில். இரண்டு கையும் ஒருசேர முதுகை விட்டு எழும்பவே கூடாது. ஒருவர் கை போகும்போது மற்றவர் கை வந்திருக்க வேண்டும். மேசையில் முகம் வைக்கும் துளை வழியாகத் தரை தெரியும் என்பதும் எங்கள் ஞாபகத்தில் இருந்தது. இருவருக்கும் ஒரே மாதிரி கறுப்புத் துணி ஷூ வாங்கினோம். இதைவிடக் கச்சிதமாக யாரும் யாரையும் ஏமாற்றியிருக்க முடியாது என்று நினைத்தோம்.

முதல் செவ்வாய் கடைசிப் பத்து நிமிடம் பேக்கரி. அடுத்த செவ்வாய் பாதி நேரம். மூன்றாவது செவ்வாய், அக்கா தொடங்கி வைத்துவிட்டு உடனே வெளியே வந்து, கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நேரம் முடிந்தது. பிறகு குரல் வந்தது.

"இஸ்திரி, உள்ள வா. வெளிய நிக்கறது தெரியும்."

தையல் அம்மா துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேக்கரி சுவரோடு ஒட்டி நின்றார்.

"எப்பம்மா தெரிஞ்சுது?" என்றார் அக்கா.

"மொத நாளே. கவுந்து படுத்தா எனக்கு வேற என்ன வேலை? உன் பேன்ட் ஓரம் கைத்தையல். பிரிய பிரிய நீயே தச்சுக்கற, பாக்கவே கண்றாவியா இருக்கும். இவளோடது மிஷின் தையல். ஷூவை மட்டும் ஜோடியா வாங்கினா ஆச்சா?"

அக்கா குனிந்து தன் பேன்ட்டைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக.

"அப்பவே எழுந்து திட்டியிருக்கலாமே."

"திட்டணும்னுதான் இருந்தேன். ஆளை மாத்தறதுன்னா கேட்டுட்டு மாத்தணும். நான் என்ன, துணி மாட்டி வைக்கற பொம்மையா?" துண்டை இழுத்து விட்டுக்கொண்டார். "ஆனா உன் விரல் ஒரு வருஷமா நடுங்குது. என் கழுத்துல வச்சுக்கிட்டு எனக்குத் தெரியாம நடுங்குமா? நீயா சொல்லுவன்னு பாத்தேன். நீ சொல்லல. நானும் கேக்கல. கேட்டா போயிடுவியேன்னு இருந்துச்சு. அதுவும் தப்புதான்."

தையல் அம்மா பேக்கரியின் பக்கம் திரும்பினார். கழுத்து திரும்பியது.

"இவ கை மாவு பிசையற கை. என்னை ரொட்டின்னு நெனச்சுக்கறா."

"ரொட்டியா இருந்தா இந்நேரம் மெத்துன்னு ஆகியிருக்கும்மா" என்றார் பேக்கரி.

"பதிலும் பேசறா." தையல் அம்மா சட்டையை எடுத்தார். "சரி. அடுத்த வாரம் மூணு மணிக்கு இவ பேரையே எழுதச் சொல்லு."

அக்காவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது கோபம். பத்தொன்பது வருடம் தன் கையைத் தவிர வேறு கை ஆகாது என்றிருந்த கழுத்து, மூன்று வாரத்தில் இன்னொரு கைக்குத் திரும்பிவிட்டதே என்ற கோபம். அவரே பிறகு எங்களிடம் இதைச் சொன்னார், வெட்கப்பட்டுக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த நேரத்தில், துண்டை மடிக்கிற சாக்கில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"இங்க உக்காரு" என்றார் தையல் அம்மா. அக்காவின் வலது கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலை அமுக்கத் தொடங்கினார். ஊசி பிடித்துக் காய்த்த விரல்கள். அமுக்கியது முழுக்கத் தப்பான இடம். வலிக்கிற மூட்டை விட்டுவிட்டு, வலிக்காத நகத்தடியைப் போட்டு நசுக்கினார். எண்ணெய் இல்லை, வரிசை இல்லை, அழுத்தம் கூடியது, குறைந்தது. பத்து நிமிடம் நடந்தது அது. பேக்கரி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பத்து நிமிடமும் அக்கா வாயைத் திறக்கவில்லை. இல்லை, இனி நேராகவே சொல்கிறோம்: நீங்கள் வாயைத் திறக்கவில்லை. யார் தப்பாக அழுத்தினாலும் அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடித்து ஓடிவந்து திருத்துகிற நீங்கள், அன்று மட்டும் திருத்தவில்லை. ஒரு பெருமூச்சு விட்டீர்கள். பேக்கரி கேட்டிருக்கிறார்.

அக்காவே! நீங்கள் நீண்ட காலம் நலமாக இருக்க வேண்டும். சாவியைத் திருப்பவும், கண்ணாடி டம்ளரைப் பிடிக்கவும், எங்களைத் திட்டக் கை ஓங்கவும் உங்கள் வலது கை உங்களோடு நெடுநாள் ஒத்துழைக்க வேண்டும். கால் நீட்டி உட்காருங்கள். பகலில் தூங்குங்கள். யாருடைய தோளையும் பேருந்தில் உற்றுப் பார்க்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம். பேக்கரி பார்த்துக்கொள்வார். தையல் அம்மா ஒரு செய்தி சொல்லச் சொன்னார், அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறோம்: "நாலு மணிக்கு இங்க முடிஞ்சதும் நேரா உன் வீட்டுக்கு வர்றேன். கையைக் கழுவி வை."

மாறாத அன்புடன்,
செருப்புக்கடை மாடியின் ஐந்து அறைகளிலும் வரவேற்பு மேசையிலும் இருக்கும்
உங்கள் ஊழியர்கள்