இடப்பக்கத்துக் கண்ணாடி

"ரேய்ஜி, முதல்ல அந்த சாக்கே மதுக் கோப்பையைக் கீழே வை. அப்புறம் கொட்டிட்டு என்னைத் திட்டாதே..."

என்னோடு ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிற மிசுயோவின் அப்பாவுக்கு நடந்தது இது.

மாலை ஐந்து மணி. பனிக்காலம்... அதற்குள் கும்மிருட்டு. வட ஜப்பானில் எங்கள் அகிதா மலைச்சாலையில் ஒரே ஒரு குட்டி லாரி. ஓட்டியவர் தோகுஜி, மிசுயோவின் அப்பா. இடப்பக்க சீட்டில் அம்மா ஃபுமி. அவள் மடியில் புகை போட்ட முள்ளங்கி ஊறுகாய். வண்டி முழுக்க அந்த வாசனை.

"பிரஷர் மாத்திரையை மறந்துடுவீங்க. ஊறுகாயை மட்டும் மறக்கவே மாட்டீங்க!"

"உன் வாயைவிட இதுல காரம் கம்மிதான்டி..."

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. வாய் கோணியது, இடது கை துவண்டு விழுந்தது.

லாரி சறுக்கி எதிர்ப்பக்கப் பனிச்சுவரில் செருகியது. வலது கதவு பனிக்குள் புதைந்தது. எஞ்சின் ஓடினால்தான் சூடு. ஆனால் புகைக்குழாயைப் பனி மூடினால், விஷப்புகை உள்ளே வந்து ஆளைத் தீர்த்துவிடும். எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும்.

ஃபுமி இறங்கினாள். வெறும் கையால் குழாய்ப் பனியை வாரினாள். காற்று இடது கதவை அறைந்து சாத்தியது. வெளிக் கைப்பிடி உறைந்து இறுகிவிட்டது.

உள்ளிருந்து ஒரு தள்ளு போதும். தோகுஜியின் வலது கை நன்றாகத்தான் இருந்தது.

டொக்... டொக்... டொக்...

அவர் திரும்பவே இல்லை.

விடிந்து ஆட்கள் வந்தபோது அவர் உயிரோடு இருந்தார். அவள்... கண்ணாடியில் கை ஒட்டியபடி.

ஸ்கேனில் மூளையின் வலப்பக்கம் கருந்திட்டு. டாக்டர் மிசுயோவிடம் சொன்னார்: "இடப்பக்கத்தைக் கவனிக்கிற இடம்மா இது. கண்ணுக்கு ஒண்ணுமில்ல. ஆனா அவருக்கு இடப்பக்கம்னு ஒண்ணு உலகத்துலயே இல்ல."

கிண்ணத்தில் வலப்பாதிச் சோற்றை மட்டும் தின்றார். முகத்தில் வலப்பாதி மட்டும் சவரம்.

"இறங்கிப் போனவ எங்கடி? ஆளையே காணோம்?"

"வருவாங்கப்பா..."

இடப்பக்கம் திரும்பப் பழகினால்தான் வீட்டுக்கு விடுவார்கள். கட்டிலுக்கு இடப்பக்கம் ஜன்னல். அதன் சட்டத்தில் சிவப்பு நாடா ஒட்டினார்கள். அது தெரிகிறவரை தலையைத் திருப்ப வேண்டும்... அதுதான் பயிற்சி.

நாடா ஒட்டிய அன்றே ஆரம்பித்தது.

டொக்... டொக்... டொக்...

நான்காவது மாடி. வெளியே நிற்க இடமில்லை. நர்ஸுகளுக்குக் கேட்டது. மிசுயோவுக்குக் கேட்டது. அவருக்கு மட்டும் கேட்கவில்லை. அப்பா தேறி வீடு வரணும்... ஆனா அந்தப் பக்கம் மட்டும் திரும்பிடக் கூடாது. மிசுயோ இரண்டையும் சேர்த்தே வேண்டிக்கொண்டாள்.

ஒருநாள் பட்டப்பகலில் அவர் தலை திரும்பியது. மெள்ள... இன்னும் கொஞ்சம்... நாடா வரைக்கும்.

"அடிப்பாவி! இவ்வளவு நேரமும் இங்கயா நின்னே?"

மிசுயோ ஓடி வருவதற்குள் வலது கை எட்டித் தாழ்ப்பாளை நீக்கிவிட்டது. ஒரு சாண் அளவுதான் திறக்கும் ஜன்னல். உள்ளே வந்தது பனிக்காற்று... கூடவே முள்ளங்கி ஊறுகாயின் புகை வாசனை.

"சாத்தும்மா, மிசுயோ. உங்கம்மாவுக்குக் குளிருது."

சாத்தினாள். தட்டுகிற சத்தம் அதோடு நின்றது.

சுருண்டு மடங்கியே கிடந்த அவருடைய செயலற்ற இடது கை, போர்வைமேல் விரிந்திருந்தது... யாரோ விரல் கோத்துப் பிடித்த மாதிரி.

ஹீட்டர் எரிகிற அறை அது. விரல்களுக்கு நடுவே படிந்திருந்த பனி மட்டும் கரையவே இல்லை.