இரும்பை அடித்தது யார்

கல் விழுகிறது. கூரைத் தகரத்தில். முதல் கல். ஒரே ஒரு சத்தம். பிறகு அது உருண்டு வந்து தண்ணீர் ஓடும் கானில் விழுகிறது. நான் ஜெபவீட்டு வாசலில் நிற்கிறேன். கையில் சுத்தியல். இரண்டாவது கல். மூன்றாவது. அதற்குமேல் எண்ண முடியவில்லை.

“ஓடுங்க! லாரியில வர்றானுங்க! ஓடுங்க!”

மேட்டு லயத்து வீட்டு வரிசையில் இருந்து யாரோ கத்துகிறார்கள். பனிமூட்டம். ஆள் தெரியவில்லை. கீழே ரோட்டில் லாரிக் கதவு திறந்து அடிக்கும் சத்தம். இரண்டு லாரி. “கொட்டியா! கொட்டியா!” என்று கூச்சல். சிங்களத்தில் புலி என்று எங்களைத்தான் சொல்கிறார்கள். ஜெபவீட்டுக்குள் பதினோரு பேர் இருக்கிறார்கள். போதகர் ஐயா இருக்கிறார். ராகேல் இருக்கிறாள். நான் அவர்களைக் கூப்பிடவில்லை. ஓடினேன். முதலில் ஓடியவள் நான்.

சுத்தியல் கையிலேயே இருந்தது. கானுக்குள் போட்டுவிட்டு ஓடினேன். அது தண்ணீரில் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கார்த்திகை மாதம். முதல் ஞாயிற்றுக்கிழமை. திருவிருந்து நாள். மணி ஒன்பதே கால்.

என் பெயர் எஸ்தர். ஞானஸ்நானம் எடுக்கும் முன்னால் பாக்கியம். பதுளையில் இருந்து ஸ்பிரிங்வெளிப் பாதையில் ஏறிப் போனால் எங்கள் தேயிலைத் தோட்டம் வரும். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே இன்னும் ஆட்கள் வாழ்கிறார்கள். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. முப்பது வயதுக்குமேல் ஜெபவீட்டில்தான் எனக்கு எழுத்து வந்தது. ராகேல் சொல்லித் தந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். என் கையை அவள் கையால் பிடித்து ‘அ’ எழுத வைத்தாள். அவளும் கொழுந்து எடுப்பவள். விரல் நுனியெல்லாம் கறுத்துக் காய்த்திருக்கும். அந்தக் கையைப் பற்றித்தான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுதுவேன். யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.

எங்கள் ஜெபவீட்டில் கோபுரம் கிடையாது. மணி கிடையாது. லயத்தில் பழைய ஒற்றை அறைக் காம்பரா இரண்டை ஒன்றாக்கித் தகரம் போட்டது. என் வீட்டுக்காரர் தெமோதரைப் பக்கம் ரயில் பாதை வேலைக்குப் போவார். வேண்டாம் என்று போட்ட ஒரு தண்டவாளத் துண்டைக் கேட்டு வாங்கி வந்தார். ஒரு முழ நீளம். அதைக் கம்பி கட்டி வாசலில் தொங்கவிட்டார். ஞாயிறு காலை எட்டரைக்குச் சுத்தியலால் அடிப்பேன். மூன்று அடி. நிறுத்தி, மறுபடி மூன்று அடி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். விடியலில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குக் கூப்பிடும் சத்தத்துக்கு எழும்பிய சனம் நாங்கள். இந்தச் சத்தம் எங்களுடையது. அடிக்கிற உரிமை என்னுடையது. அதில் எனக்குப் பெருமை. மறைக்கவில்லை.

யுத்தம் வடக்கில் நடந்தது. எங்கள் மலையில் குண்டு விழவில்லை. பயம் மட்டும் பஸ் ஏறி வந்தது. ஜெபவீட்டில் வடக்குப் பொடியன்களை ஒளித்து வைத்திருக்கிறார்களாம். இரும்பு அடிப்பது காட்டில் இருக்கிறவர்களுக்குச் சமிக்ஞையாம். கடைவீதியில் இப்படிப் பேச்சு. ஒரு நாள் காலையில் ஜெபவீட்டுக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மதம் மாற்றும் வீட்டை மூடு என்று எழுதியிருந்தது. போதகர் ஐயா அதைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஜெபத்தை நிறுத்த மாட்டோம் என்றார். கொஞ்ச நாளைக்கு இரும்பு மட்டும் வேண்டாம், வீடு வீடாகப் போய் வாயால் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

மூன்று ஞாயிறு அடிக்காமல் இருந்தேன். நாலாவது அந்தத் திருவிருந்து ஞாயிறு. எட்டரை மணி. ராகேலும் நானும் மட்டும்தான் வந்திருந்தோம். பனி. லயத்தில் ஒரு கதவு திறக்கவில்லை. எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்து வந்தேன்.

“வேணாங்க்கா. ஐயா சொன்னாருல்ல.”

“நாம என்ன திருட்டுச் சாமியா கும்புடுறோம்? அடிச்சா வானம் இடிஞ்சு விழுந்துருமா?”

“வானம் விழாதுக்கா. கல்லு விழும்,” என்று சொல்லிச் சிரித்தாள் ராகேல்.

அடித்தேன். மூன்று. மறுபடி மூன்று. எப்போதையும்விடப் பலமாக. பனிக்குள் சத்தம் நல்லாப் போகும்.

சனம் வந்தது. ஒன்பது பேர். கடைசியாகப் போதகர் ஐயா மூச்சு வாங்க ஓடி வந்தார்.

“இரும்ப அடிச்சது யாரு?”

நான் முக்காட்டைச் சரி செய்தேன். வாய் திறக்கவில்லை. ராகேல் என்னைப் பார்த்தாள். “விடுங்கய்யா. அடிச்சாச்சு,” என்றாள். அவள்தான் என்று ஐயா நினைத்துக்கொண்டார். முகம் கறுத்துப் போனது. யாராவது போய்ச் சுத்தியலை எடுத்து மறைத்து வையுங்கள் என்றார். அதற்குத்தான் நான் வெளியே வந்தேன். அப்போதுதான் முதல் கல்.

ஓடுகிறேன். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை தாண்டி. கோழிக்கூடு தாண்டி. ஒரு கால் செருப்பு போய்விட்டது. பின்னால் கண்ணாடி உடைகிறது. பெஞ்சு உடைகிறது. ஒரு பெண் பிள்ளை அலறுகிறது. நான் திரும்பவில்லை. எனக்குப் பிள்ளை இல்லை. ஓடியதற்குச் சாக்குச் சொல்ல அதுவும் இல்லை. ராகேலுக்கு ஒரு மகள். கிரேஸி. அப்போது பதினாலு வயது. அலறியது அவள்தான்.

லயத்துக் கோடியில் தொங்கல் காம்பராவின் கதவு திறந்தது. ஒரு கை என்னை உள்ளே இழுத்தது. வள்ளியம்மா அக்கா. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முதல் கரகம் எடுப்பவர். என்னோடு பேச்சுவார்த்தை குறைவு. நான்தான் குறைத்துக்கொண்டேன். பொட்டு வைத்தவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத கர்வம் எனக்கு அந்தக் காலத்தில்.

“நெத்தியக் காட்டுடி.”

“அக்கா, நான்...”

“வாய மூடு. உசுரு முக்கியமா, வெறும் நெத்தி முக்கியமா? காட்டு!”

சாமி படத்தடியில் இருந்த குங்குமச் சிமிழை எடுத்தார். பெரிய பொட்டு. மேலே திருநீறு. என் முக்காட்டை இழுத்து எறிந்தார். நான் தடுக்கவில்லை. குனிந்து கொடுத்தேன். அந்தப் பொட்டில் குற்றம் இல்லை. அது அவர் அன்பு. அதற்குப் பின்னால் ஒளிந்தேனே, அது என் குற்றம்.

கதவைத் தட்டுகிறார்கள். கட்டையால். லயத்துப் பொம்பளைகள் எல்லோரையும் வெளியே நிறுத்துகிறார்கள். வரிசையாக. பெரட்டுக்கு நிற்பது மாதிரியே. ஜெபவீட்டில் இருந்து புகை வருகிறது. தகரம் சூட்டில் வெடிக்கும் சத்தம். டப். டப். போதகர் ஐயாவைக் கானுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். வாயில் ரத்தம். ராகேலை இழுத்து வருகிறார்கள். அவள் புடவையைப் பிடித்தபடி கிரேஸி.

ஒருவன் நல்ல தமிழ் பேசினான். வரிசையில் வந்தான். என் முன்னால் நின்றான்.

“பேரு?”

“பாக்கியம்.”

அடையாள அட்டையைக் கேட்டான். வள்ளியம்மா அக்கா ஓடிப்போய் என் காம்பராவில் இருந்து எடுத்து வந்தார். அட்டையிலும் பாக்கியம்தான். நான் பொய் சொல்லவில்லை. இதைச் சொல்லித்தான் பல வருடம் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

“ஜெபத்துக்குப் போறவளா?”

“அவளா? மாரியம்மன் கோயிலுக்கு மாவிளக்கு எடுக்கிறவ சாமி,” என்றார் வள்ளியம்மா அக்கா.

அவனுக்குப் பின்னால் எங்கள் லயத்து ஆள் ஒருவன் நின்றான். லாரியைக் கூட்டி வந்தவன். என்னை நன்றாகத் தெரியும் அவனுக்கு. என் நெற்றியைப் பார்த்தான். சிரித்தான். காட்டிக்கொடுக்கவில்லை. கல்லால் அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். அந்தச் சிரிப்பு ஆறவில்லை. அவன் பெயர் தெரியும். எழுத மாட்டேன். இந்தக் கதையில் அவனைவிட நான் நல்லவள் என்று நினைக்க எனக்கு வழியில்லை.

“அந்த இரும்ப அடிச்சது யாரு? சொல்லலைனா லயத்தையே கொளுத்துவோம்!”

மழைத் தூறல். ராகேல் தலையைத் தூக்கினாள். வரிசையில் என்னைத் தேடினாள். கண்டாள். என் பொட்டைப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம். பிறகு அந்த ஆளைப் பார்த்தாள்.

“நான்தான் அடிச்சேன்.”

“யாருக்கு?”

“சனத்த ஜெபத்துக்குக் கூப்புட. வேற யாருக்கும் இல்ல.”

“எந்தக் கையால?”

அவள் இடது கையை நீட்டியிருக்கலாம். கொழுந்தெடுக்கும் வலது கையை நீட்டினாள். கொழுந்தெடுக்கும் பொம்பளைக்கு வலது கை என்றால் என்ன என்று அவர்களுக்கும் தெரியும்.

கானில் கிடந்த சுத்தியலை ஒருவன் எடுத்து வந்தான். நான் போட்ட சுத்தியல். பீலிக்கரையில் துணி துவைக்கும் கல் இருந்தது.

மூன்று அடி. எண்ணினேன். அது இரும்புச் சத்தம் இல்லை. ராகேல் “இயேசுவே” என்றாள். ஒரே தடவை. கத்தியது கிரேஸி. வள்ளியம்மா அக்கா என் தோளை நகம் பதியப் பிடித்துக்கொண்டார். நான் முன்னால் போய்விடுவேன் என்று பயந்தாராம். பயந்திருக்க வேண்டியதில்லை. என் கால் அசையவே இல்லை.

பத்தே முக்காலுக்கு லாரிகள் போயின. பண்டாரவளைக்கு மரக்கறி ஏற்றிப் போன முஸ்லிம் நானா ஒருவர் கோவா மூட்டைகளை ரோட்டில் இறக்கிப் போட்டுவிட்டு ராகேலைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பெயர் சொல்லாமல் போய்விட்டார். நான் பீலியில் முகம் கழுவினேன். குங்குமம் போனது. சிவப்பு மட்டும் ரெண்டு நாள் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ராகேலின் கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

சனம் பேச ஆரம்பித்தது. ஐயா வேண்டாம் என்று சொல்லியும் ராகேல் ஏன் அடித்தாள்? அவள் திமிரால்தான் ஜெபவீடு போனது. ஒன்பது குடும்பம் இதைச் சொல்லி விலகிப் போனது. என் காம்பராவுக்கு வந்து சொன்னார்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கேட்டுக்கொண்டு இருந்தேன்.

ராகேல் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த முதல் ஞாயிறு. அவள் காம்பராவிலேயே ஜெபம். ஆறு பேர். நான் போய் வாசலில் நின்றேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க்கா வாசல்ல நிக்கிறீங்க? இரும்பு எங்க?”

சாம்பலில் கிடந்தது. தோண்டி எடுத்து வந்தேன். கறுத்திருந்தது. கொய்யா மரத்தில் கட்டினேன். அவள் இடது கையில் சுத்தியலை வாங்கினாள். முதல் அடி தவறி மரத்தில் பட்டது. “பாருங்க, இந்தக் கை இன்னும் ‘அ’ படிக்குது,” என்று சிரித்தாள். பிறகு அடித்தாள். மூன்று. நிறுத்தி, மறுபடி மூன்று. லயமே வெளியே வந்து பார்த்தது. லாரி வரவில்லை. வந்திருந்தாலும் அடித்திருப்பாள். அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் விடவில்லை.

ஒரு முறை சொல்ல முயன்றேன். அவள் வீட்டு அடுப்படியில்.

“ராகேலு, அன்னைக்கி நான்...”

“தேத்தண்ணி ஆறுதுக்கா. குடிங்க.” அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னாள், “பொட்டு ஒங்களுக்கு நல்லாத்தான் இருந்துச்சு.”

கிண்டலா, மன்னிப்பா, இன்றுவரை தெரியவில்லை. குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கொழுந்தெடுக்க முடியாதவளுக்குத் தோட்டத்து வேலைப் பதிவில் பெயர் இல்லை. பெயர் இல்லை என்றால் காம்பரா இல்லை. கிரேஸி படிப்பை நிறுத்திவிட்டுக் கூடையைத் தூக்கினாள். அவள் வகுப்பில் முதல் பிள்ளை. மாலையில் எதிரே போய்க் கூட்டி வரும் தாயோடு, மலையில் இருந்து இறங்கும்போது பேச மாட்டாள்.

இப்போது எங்களுக்குச் சுவர் எழுப்பிய ஆலயம் இருக்கிறது. எனக்கு முன்வரிசையில் நாற்காலி. பாடுகளைச் சகித்த பழைய விசுவாசி என்று போன ஆண்டு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். வாங்கிக்கொண்டேன். சனம் கைதட்டியது. ராகேல் பின்னால் பாயில் இருந்தபடி இடது கையால் தொடையில் தட்டினாள்.

இந்த வருடம் உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு முந்திய வாரம் ராகேல் போய்விட்டாள். காய்ச்சல். நாலு நாள். பெட்டிக்குப் பக்கத்தில் கிரேஸி நின்றாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“பெரியம்மா, அன்னைக்கி எங்கம்மா அந்த இரும்ப ஏன் அடிச்சுச்சு? எனக்காக ஒரு நாளு அடிக்காம இருந்திருக்கக் கூடாதா?”

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. போதகர் ஐயா கேட்டபோது ஒன்று. லாரி ஆள் கேட்டபோது இரண்டு. இது மூன்று.

அதனால்தான் எழுதுகிறேன். ராகேல் சொல்லித் தந்த எழுத்தில். வருகிற ஞாயிறு சபையில் எழுந்து நின்று இதை வாசிப்பேன். சால்வையைத் திருப்பிக் கொடுப்பேன். கிரேஸி என் முகத்தில் முழிக்காமல் போகலாம். போகட்டும். தாயின்மேல் வைத்த கோபத்தை இறக்கி என்மேல் வைக்கட்டும். தாங்குகிறேன்.

போனவற்றை எண்ணி வைக்கிறேன். மறக்கக் கூடாது.

பெஞ்சு ஆறு. வேதாகமம் பதினொன்று. பாட்டுப் புத்தகம் எத்தனை என்று தெரியாது. திருவிருந்துக் கிண்ணம் ஒன்று, அன்று அதில் யாரும் குடிக்கவில்லை. கூரைத் தகரம் பதினெட்டு. போதகர் ஐயாவின் பல் இரண்டு. விலகிப் போன குடும்பம் ஒன்பது. ஒரு பிள்ளையின் படிப்பு. ஒரு தாயும் மகளும் மலையில் இருந்து பேசாமல் இறங்கிய வருடங்கள், அதை அவர்கள்தான் எண்ண வேண்டும். ராகேலின் வலது கை. ராகேல்.

கிரேஸி, உன் அம்மா அந்த இரும்பை அன்று தொடவே இல்லை. அடித்தது நான்.