போனைத் தாண்டாத செய்திகள்

எங்கள் தோட்டத்துப் பக்கம் சிக்னல் எப்போதுமே மோசம்தான், இன்ஸ்பெக்டர் மேடம். திருச்செங்கோட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் போனில் ஒரு வார்த்தை பேச மொட்டைமாடிக்கு ஏற வேண்டும். என் பிழைப்பே அந்தக் குறையில்தான் ஓடுகிறது. போர்வெல் ரிக் லாரிகளுக்கு ஆப் எழுதித் தருகிறேன். எத்தனை அடி இறங்கியது, எந்த அடியில் தண்ணீர் வந்தது என்று டிரைவர் பதிந்தால், ஆப் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிப் போனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். மறுபடி திறந்தால் கட்டைப் பிரித்து அப்படியே காட்டும். சிக்னல் கிடைத்ததும் ஆபீசுக்கு அனுப்பும். என் ஆப்பில் இதுவரை ஒரு பதிவுகூடத் தொலைந்ததில்லை.

தங்கை சத்யபிரியாவை மாடி அறையில் வைத்துப் பூட்டியது நான் இல்லை, அப்பாதான். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்தக்கடை வைத்திருக்கும் கிறிஸ்தவ வீட்டுப் பையன் ஜெர்ரியைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். அப்பா பூட்டைப் போட்டார். அம்மா ஜன்னல் வழியாகச் சோறு கொடுத்தாள். அறையோடு சேர்ந்த குளியலறை, மின்விசிறி எல்லாம் உண்டு.

முதல் வாரம் முழுவதும் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அம்மாவால் அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. அதனால்தான் சிம் இல்லாத, என் ஆப் தவிர வேறெதுவும் திறக்காத ஒரு போனை நான் கொடுத்தேன். ரிக் ஆப்பையே கொஞ்சம் மாற்றி, அடிக்கணக்கு இருந்த இடத்தில் செய்தி எழுதும்படி செய்தேன். அனுப்பும் பகுதியை மட்டும் எடுத்துவிட்டேன், பத்து வரிதான். எழுதி அழுத்தினால் டிக் விழும். செய்தி போனுக்குள்ளேயே இருக்கும். அப்பாவுக்குத் தெரியாமல் தருகிறேன், வீட்டு வைஃபையில் வேலை செய்யும், ஜெர்ரியிடமும் இதே ஆப் இருக்கிறது என்றேன். ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றோடு தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

சார்ஜர் என்னிடம். மாலை ஆறு மணிக்கு ஜன்னலில் போனை வைப்பாள், நான் எடுத்துப்போய்ப் படிப்பேன். காலையில் திரும்ப வைப்பேன். பதில் வேண்டுமே. அவளுடைய பழைய போனை அப்பா என்னிடம்தான் கொடுத்திருந்தார். ஜெர்ரி இரண்டு வருடமாக அனுப்பியதெல்லாம் அதில் இருந்தது. பொருத்தமானதாகப் பார்த்து, தேதியை மாற்றி ஏற்றினேன். வந்து கூட்டிப்போ என்று அவள் எழுதினால், 'கொஞ்சம் பொறு, எல்லாம் சரியாயிரும்' என்று அவன் எப்போதோ பரீட்சை நேரத்தில் எழுதியது கிடைத்தது. நானாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. ஜெர்ரி எனக்கு நாலைந்து முறை போன் செய்தான். அவளுக்கு இப்போது விருப்பமில்லை என்று மரியாதையாகவே சொன்னேன்.

ஐந்து மாதம் இப்படிப் போனது. ஏப்ரலில் ஒரு தவறு செய்தேன். 'நாளைக்கு ஆன்சிக்குப் புதுநன்மை' என்று ஜெர்ரி தன் அக்கா மகளைப் பற்றி எழுதிய ஒன்றை ஏற்றினேன். சர்ச்சில் வருடாவருடம் வரும் விசேஷம் என்று நினைத்துவிட்டேன். குழந்தைக்கு முதல்முதலாக நற்கருணை அப்பம் கொடுக்கும் சடங்காம்; அது போன வருடச் செய்தி. அந்தப் பூசைக்கு சத்யபிரியாவே போயிருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் எழுதியிருந்தாள்:

"புதுநன்மைங்கறது ஒருத்தருக்கு ஒருக்காத்தானுங்ணா. இத்தன நாளா நீங்கதான் படிச்சிருக்கறீங்க. நான் ஆருகிட்டயும் சொல்லலீங்ணா. கதவ மட்டும் தொறந்து உடுங்க."

திறந்திருக்கலாம்தானே என்று கேட்டீர்கள். எனக்கு அந்த ஆறு மணி பழகிவிட்டது, மேடம். ஈரோட்டில் நல்ல வேலை ஒன்று வந்தது. ஆறு மணிக்குள் வீடு வந்து சேர முடியாது என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன். எழுத வேறு ஆள் இல்லாததால் அவள் எனக்கே எழுத ஆரம்பித்தாள். கெஞ்சுவாள், திட்டுவாள், சின்ன வயதில் நடந்ததைச் சொல்வாள். அந்த வீட்டில் யாரும் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. திறந்துவிட்டால் அது நின்றுபோகும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை அப்பாவும் அம்மாவும் அவளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க கெங்கவல்லி போனார்கள். சாவி என்னிடம் இருந்தது. ஆறு மணிக்கு ஜன்னலில் போன் இல்லை. ஜன்னலை ஒட்டிய கட்டில் ஓரம் கிடந்தது. கம்பிக்குள் கையை விட்டு எடுத்தேன். அவள் சுருண்டு படுத்திருந்தாள். மூன்று செய்திகள் இருந்தன. காலை பத்தரைக்கு, வயிறு வலிக்கிறது என்று. மதியம், காய்ச்சல் என்று. நாலு மணிக்கு எழுதியது இது: "நெசமாலுமே முடியலீங்ணா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. திரும்பி இங்கயே வந்து இருந்துக்கறேன்."

அவள் நடிக்கிறாள் என்று நினைத்ததாக நேற்று உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. அவள் முனகுவது எனக்குக் கேட்டது. நிஜம் என்று தெரியும். கதவைத் திறந்தால் அவள் திரும்பி வரமாட்டாள் என்பதும் தெரியும். போனைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன். சனிக்கிழமை மதியம் அப்பா வந்துதான் கதவைத் திறந்தார். குடல்வால் வெடித்திருக்கிறது, முந்தின நாள் மாலை கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார். நான் கொண்டுபோகவில்லை. அவளைக் கொன்றது நான்தான்; அப்பா மேல் எழுத வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். போனைச் சோதிப்பவர்களிடம் அந்த ஆப்பை அழித்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். வேறு எங்கும் பிரதி இல்லை. அதில் இருப்பதெல்லாம் என் தங்கை என்னை நம்பி எழுதியது.