கட்டாத விலை

எனக்குப் பேரம் பேச வராது. கடைக்காரர் சொன்னதைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். ஊரெல்லாம் நடக்கும் வியாபார வழக்குக்கு விளக்கவுரை எழுதுகிறவன் ஒரு கிலோ வெங்காயத்தில் ஏமாந்து வருகிறானே என்பாள்.

உட்காருங்கள். நீங்கள் விசாரிக்க வருவீர்கள் என்று தெரியும். மறைக்க எனக்குத் தெம்பில்லை.

அக்காவுக்கு நுரையீரல் பாதி போய்விட்டது. வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்துத்தான் காலம் ஓடியது. அதைச் சந்தைக்குப் பின்னால் கொட்டகை போட்டிருந்த ஒருவரிடம் வாங்குவாள். காற்றுக்காரர் என்பார்கள். பெரிய நிறுவனம் கேட்பதில் பாதிதான் அவர் விலை. அதிலும் அக்கா பேரம் பேசுவாள். ஒருநாள் தன் சாமர்த்தியத்தைக் காட்ட, கைபேசியில் பதிவாகியிருந்த அந்தப் பேச்சை எனக்குப் போட்டுக் காட்டினாள்.

"இந்த விலை எனக்குக் கட்டாதும்மா. உங்க முகத்துக்காகத்தான் குடுக்கிறேன்" என்றது காற்றுக்காரரின் குரல்.

அக்கா சிரித்தாள். "எல்லார்கிட்டயும் இதேதான் சொல்லுவார். நல்லா லாபம் பாக்குறாருடா" என்றாள்.

வியாபாரச் சட்டத்துக்கு நான் எழுதிய உரைநூலின் மூன்றாம் பதிப்பு அப்போது அச்சுக்குப் போகவிருந்தது. போட்டியாளரை ஒழிக்க ஒருவன் சட்டத்தை மீறி அடக்க விலைக்குக் கீழே விற்றான் என்று நிரூபிப்பது பெரிய தலைவலி. விற்றவனின் வாய்ச்சொல்லே போதும் என்று நான் எழுதியிருந்தேன். சக வக்கீல்கள் கேலி செய்தார்கள். வயதாகிவிட்டது, நான் எழுதியது ஒரு தீர்ப்பிலாவது ஏற வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

அக்கா கண்ணயர்ந்தபோது அந்தப் பதிவை எடுத்துக்கொண்டேன். நிறுவனத்தின் வக்கீலுக்கு அனுப்பியது நான்தான். பைசா வாங்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நிறுவனம் வழக்குப் போட்டது. 'கட்டாது' என்றால் வியாபாரத்தில் என்ன பொருள் என்று விளக்க நீதிபதி என்னையே அழைத்தார். கூண்டில் நின்ற காற்றுக்காரர், "ஐயா, அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுங்க. அதைச் சொல்லாத வியாபாரி உண்டா?" என்று கேட்டார். எனக்கும் அது தெரியும். ஆனாலும் அடக்க விலைக்குக் கீழே என்றுதான் பொருள் என்றேன். பதிவில் இருந்த பெண் குரல் யாருடையது என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

கொட்டகைக்குச் சீல் வைத்தார்கள். தீர்ப்பு என் நூலை இரண்டு இடத்தில் மேற்கோள் காட்டியது. நிறுவனம் விலையை ஏற்றியது.

அக்கா பகலில் சிலிண்டரை மூடி வைத்து, ராத்திரிக்கு மிச்சம் பிடிக்கத் தொடங்கினாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அக்கம்பக்கத் தெருக்களில் வேறு சிலரும் அப்படித்தான் சமாளித்தார்களாம். போய்ச் சேர்ந்தவர்களின் பெயர் உங்கள் விசாரணைக் கோப்பில் இருக்கும். நான் நீதிமன்றத்தில் போய் உண்மையைச் சொல்லியிருந்தால் கொட்டகை திறந்திருக்கும். தீர்ப்பும் போயிருக்கும். அதனால் அக்காவிடம் பணம் தருகிறேன் என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் குரல் நீதிமன்றத்தில் ஒலித்தது அவள் காதுக்கு எட்டியிருந்தது.

"வேணாம்டா தம்பி. உனக்குக் கட்டாது" என்றாள்.

நான் வற்புறுத்தவில்லை. அந்த வாரமே போய்விட்டாள்.

மனம் கனக்கத்தான் செய்கிறது. கூடப் பிறந்தவள் அல்லவா. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாகக் கிடந்தவள் என்னிடம் பேரம் பேசவில்லை. என் கைக்கு மீறிய செலவு என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஆக, 'கட்டாது' என்ற சொல்லுக்கு நான் கொடுத்த பொருள் சரிதான். நான்காம் பதிப்பில் அதை அடிக்குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன். குடும்ப விஷயம் என்பதால் அவள் பெயரைப் போடவில்லை.