உங்க அரசாங்கம்தான் உசத்தி

ஓர்னெல்லா: சொன்னாக் கேளுங்க சம்பந்தி. கல்யாணம் முடிஞ்சதும் பிள்ளைங்க உங்க வீட்டு மாடியில இருக்கறதுதான் நல்லது. உங்க ஸ்லோவீனியாவுல...

பிரெடா: என்ன கொட்டிக் கிடக்கு? புகை விடற எல்லாத்துக்கும் கார்பன் வரி! உங்க இத்தாலியிலதான் தட்டிக்குடுத்து வேலை வாங்கறாங்க. குளிர் புகாம சுவருக்குப் போர்வை போர்த்துங்க, வருமான வரியைக் குறைச்சுக்கறோம்னு...

ஓர்னெல்லா: அது அந்தக் காலம். இப்போ சலுகையை வெட்டிட்டாங்க. வேலைக்குச் சாரம் கட்டினவன் கழட்டவே வரல. ஜன்னலைத் திறந்தா கம்பிதான்.

பிரெடா: போன வாரம் வந்தப்போ சாரமே இல்லையே?

ஓர்னெல்லா: ...கழட்டிட்டாங்க. மறுபடி கட்டுவாங்க. அதை விடுங்க. வரி போட்டும் பெட்ரோல் உங்க பக்கம்தானே மலிவு? நானே எல்லை தாண்டி வந்துதான் போடறேன்.

பிரெடா: உங்க மாப்பிள்ளையும் அப்படியே வந்து போட்டுட்டு உங்க வீட்டுக்குத் திரும்பட்டும். ரெண்டு நாட்டுக்கும் நடுவுல இருக்கறது நாம காபி குடிக்கற இந்தச் சதுக்கம்தானே.

ஓர்னெல்லா: உங்க பக்கம் பஸ்கூட இலவசம்!

பிரெடா: பென்ஷன்காரங்களுக்கு! என் பையன் தாதெய்க்கு இன்னும் முப்பது வயசு ஆகல.

ஓர்னெல்லா: ஆயிடும். நாள் ஓடறதே தெரியாது.

பிரெடா: சம்பந்தி... சாயங்காலம் பிள்ளைங்களுக்குப் பதில் சொல்லியாகணும். ஊர் உலகத்துல எங்க வீட்டுலதான் இருக்கணும்னு மல்லுக்கட்டுவாங்க. நீங்க ஏன் இப்படித் தள்ளிவிடறீங்க?

ஓர்னெல்லா: நீங்க மட்டும் இழுத்தா அணைக்கறீங்க?

பிரெடா: பக்கத்து ஆஸ்திரியாவுல கார்பன் வரியை வாங்கி ஜனங்களுக்கே திருப்பிக் குடுத்தாங்களாமே...

ஓர்னெல்லா: ஆமா. என் பொண்ணு இலாரியா சொன்னா. அங்க அவளுக்கு வேலைகூடக் கிடைக்குமாம்...

பிரெடா: அப்படியா! ரயில்ல ஏறினா வந்துடலாம். ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுட்டுப் போகலாம்.

ஓர்னெல்லா: எல்லா ஞாயிறுமா?

பிரெடா: சேச்சே. மாசத்துக்கு ஒண்ணு போதும்.

ஓர்னெல்லா: ...சிரிக்காதீங்க பிரெடா, பக்கத்து மேஜைக்காரங்க பாக்கறாங்க. உண்மையைச் சொல்லுங்க. உங்க மாடியில என்ன இருக்கு?

பிரெடா: ஒரு நாற்காலி.

ஓர்னெல்லா: அவ்வளவுதானா?

பிரெடா: அவ்வளவுதான். தாதெய் வேலைக்குன்னு தலைநகர் லுப்லியானாவுக்குப் போனதுலேருந்து தினம் காலையில போய் உக்காருவேன். யாரும் அம்மான்னு கூப்பிட மாட்டாங்க. அந்த அமைதியில, அம்மா ஆகறதுக்கு முன்னாடி நான் யாருன்னு கொஞ்சம் கொஞ்சமா ஞாபகம் வருது... இது பெத்தவ பேசற பேச்சான்னு நெனைக்கறீங்கல்ல?

ஓர்னெல்லா: நானா? நிச்சயம் பண்ணின மறுநாளே எங்க வீட்டு மாடிக்குப் பூட்டை மாத்திட்டேன்!