பூக்குழிக்குப் பொறவு

— காலைக் காட்டுட்டி அய்யம்மா. சேலைய இழுத்து மூடாத.

— ஒண்ணுமில்லக்கா. லேசா ஒரு கொப்புளம்.

— பூக்குழி எறங்கி ஒரு மாசமாச்சு. கொப்புளம் இன்னுமா ஆறாம கெடக்கும்? உனக்கு ஊசிய நிறுத்திட்டாவன்னு ராஜபாளையம் வரைக்கும் சேதி வந்துருச்சு.

— புண்ணு ஆறுனாத்தான் திரும்பப் போடுவாவளாம்.

— நல்லாருக்குட்டி நியாயம். குடல்ல இருக்க கட்டிக்கும் கால் புண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

— கட்டி தான் வளர, ‘எனக்கு ரத்தம் வேணும்’னு ஒரு சேதி அனுப்புமாம்க்கா. ரத்தக்குழாயெல்லாம் புதுசாக் கெளைச்சு அதுகிட்டப் போகுமாம். இந்த ஊசி அந்தச் சேதிய வழியிலயே பிடிச்சு வச்சுக்கிடும். புண்ணு ஆறவும் அதே சேதிதான் வேணுமாம். டாக்டரம்மா சொன்னாவ.

— அப்ப கட்டியும் பட்டினி, காலும் பட்டினி.

— சிரிக்காதக்கா.

— சிரிக்கல. அம்மா வழியில ரெண்டு பேருக்கும் ஒரே சீக்கு. உனக்கு ஊசி. எனக்கு மட்டும் வயித்துல ரத்தம் கசியுது, அந்த ஊசி ஆகாதுன்னுட்டாவ. கட்டி சுருங்கிருச்சுன்னு நீ போன்ல சொன்ன அன்னைக்கு, ‘நல்லதுட்டி’ன்னு வாய்தான் சொல்லுச்சு. வயிறு எரிஞ்சுச்சு. சோறு எறங்கல.

— தெரியும்க்கா. உன் கொரல்லயே தெரிஞ்சுச்சு.

— சின்னதுல இருந்தே நல்லது பூரா உனக்குத்தான. என்னையப் பொண்ணு பாக்க ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வந்தவரு, காப்பி கொண்டு வந்த உன்னையக் கட்டிக்கிட்டாரு.

— அதுக்கு நான் என்னக்கா செய்ய?

— ஒண்ணும் செய்ய வேண்டாம். கேட்டுக்கோ. நேத்து குழாய் விட்டுப் பாத்தாவ. எனக்கு ரத்தம் நின்னுருச்சு. வார திங்கக்கிழமை மொத ஊசி. இத உன் மூஞ்சிக்கு நேர சொல்லணும்னுதான் பஸ் ஏறி வந்தேன்.

— நின்னுருச்சா? நெசமாவாக்கா?

— ஏன், பொறுக்கலையோ?

— இல்லக்கா. செத்த இரு, கண்ணத் தொடச்சுக்கிடுதேன்.

— அழு. ஆனா ஒண்ணு சொல்லு. புண்ணு வந்தா ஆறாதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?

— மொத ஊசி அன்னைக்கே சொன்னாவ. ஆத்தா கால் பொத்துப்போகாம பாத்துக்கிடுவான்னு நெனச்சேன்.

— நல்லாருக்குட்டி நியாயம். கட்டிதான் சுருங்கிட்டு வந்துச்சே. இன்னும் என்ன வேணும்னு நெருப்புல எறங்குன? அம்புட்டுப் பேராசை.

— எனக்குன்னு நேந்துக்கிடலக்கா. உன் வயித்து ரத்தம் நிக்கணும்னுதான் எறங்குனேன்.